எஞ்சின் சிறுத்தது, செலவும் சிறுத்ததா?

கார் கடன் வேண்டி நம் கிளைகளுக்கு வருவோரில் பலர், வருமானச் சான்றையும் விற்பனையகம் தந்த விலைப்பட்டியலையும் மேசைமீது வைத்துவிட்டு, கடனைப் பற்றிக் கேட்பதற்கு முன் காரைப் பற்றியே கேட்கின்றனர். அண்மைக் காலமாக அக்கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில் வருகிறது. "சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒரு விலை. 1 லிட்டர் டர்போ அதைவிட ஒன்றரை லட்சம் அதிகம். சிறிய எஞ்சினுக்கு ஏன் கூடுதல் விலை? டர்போ என்றால் மைலேஜ் மிச்சம் என்கிறார்களே, ஏழு ஆண்டுத் தவணையில் அது ஈடாகிவிடாதா?"

நியாயமான கேள்விதான். ஒன்றரை லட்சம் ரூபாய் என்பது பல குடும்பங்களில் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கல்லூரிச் செலவு. எந்தக் காரை வாங்க வேண்டும் என்று சொல்வது வங்கியின் வேலையன்று. ஆனால் கடனாகப் பெறும் பணம் எதற்குச் செல்கிறது என்பதைக் கடன் பெறுவோர் அறிந்திருப்பது நல்லது. ஆகவே, பெரிய எஞ்சின்களின் இடத்தில் சிறிய டர்போ எஞ்சின்கள் ஏன் வந்தன, அவை எங்கே மிச்சப்படுத்துகின்றன, எங்கே மிச்சப்படுத்துவதில்லை என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

எஞ்சின் உண்பது காற்றை

எஞ்சினின் அளவைச் சி.சி. என்னும் கணக்கில் சொல்கிறோம். 1,200 சி.சி. எஞ்சின் என்றால், அதன் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் நகரும்போது விலகும் மொத்தக் கொள்ளளவு அவ்வளவு என்று பொருள். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. எனவே எஞ்சினின் வலிமை, அது எவ்வளவு பெட்ரோலைக் குடிக்க முடியும் என்பதைவிட, எவ்வளவு காற்றை உள்ளிழுக்க முடியும் என்பதையே பொறுத்தது. சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன்களின் உறிஞ்சலால் மட்டுமே காற்றைப் பெறுகிறது. அதிக வலிமை வேண்டுமானால் சிலிண்டர்களைப் பெரிதாக்க வேண்டும், அல்லது அவற்றின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

மற்றொரு வழியும் உண்டு. கொல்லன் தன் உலையைப் பெரிதாக்காமலே துருத்தியால் காற்றை ஊதித் தீயை வளர்க்கிறான் அல்லவா? டர்போசார்ஜர் செய்வதும் அதுவே. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. அமுக்கப்பட்ட காற்று சூடேறிவிடுவதால், இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் வழியாக அது கடத்தப்படுகிறது. வீணாக வெளியேறியிருக்க வேண்டிய புகையின் ஆற்றலே இங்கு பயன்படுகிறது. அந்த அச்சு நிமிடத்திற்கு இரண்டு லட்சம் சுற்றுகள் வரைகூடச் சுழல வல்லது.

கருத்து புதியதன்று. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் கார்களில் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தவை அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல், செவ்ரோலே நிறுவனங்கள், ஆண்டு 1962. இந்தியாவில் ஓடும் இன்றைய டீசல் கார்களிலும் டர்போ உண்டு. அக்காலத்தில் வேகத்திற்காக மட்டும் பெட்ரோல் காரில் டர்போ பொருத்தப்பட்டது. இன்று எஞ்சினைச் சிறிதாக்குவதற்காகப் பொருத்தப்படுகிறது. புதியது இந்த நோக்கமே.

சிறிய எஞ்சின் எவ்வாறு மிச்சப்படுத்துகிறது?

இதனை நம் கிளை ஒன்றைக் கொண்டே விளக்கலாம். ஒரு கிளையில் நான்கு கவுண்டர்கள் உள்ளன. மாதத்தின் முதல் வாரத்தில் ஓய்வூதியம் பெறுவோர் வரும்போது நான்கும் தேவைப்படுகின்றன. மற்ற நாள்களில் இரண்டே போதும். ஆயினும் நான்கு கவுண்டர்களிலும் எப்போதும் ஊழியர் அமர்ந்திருந்தால், வேலையில்லா நாளிலும் முழுச் செலவு உண்டு. பெரிய எஞ்சினின் நிலை இதுவே. நகரச் சாலையில் சீராகச் செல்லும்போது அதன் வலிமையில் சிறு பகுதியே பயன்படுகிறது. எனினும் நான்கு பிஸ்டன்களும் உராய்ந்து உழைத்தாக வேண்டும். மேலும், காற்று வரும் வழி ஏறக்குறைய மூடப்பட்டிருக்கும் நிலையில் அவை மூச்சுத் திணறியபடி காற்றை இழுக்கின்றன. இந்த இழுப்பிலும் உராய்விலும் எரிபொருள் வீணாகிறது.

மூன்று கவுண்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு, கூட்டம் வரும் நாளில் மட்டும் ஒரு கூடுதல் ஊழியரை அழைத்துக்கொள்வது மாற்று வழி. சிறிய எஞ்சின் என்பது அந்த மூன்று கவுண்டர். டர்போ என்பது அந்தக் கூடுதல் ஊழியர். சாதாரண நாளில் செலவு குறைகிறது. கூட்ட நாளிலும் வேலை தடைபடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் கூட்ட நாளாகவே இருந்தால்? கூடுதல் ஊழியருக்குத் தரும் மிகைநேரப்படி, நிரந்தர ஊழியரின் சம்பளத்தையும் மிஞ்சிவிடும். இந்த உவமையை நினைவில் வைத்துக்கொண்டால், இனி வரும் கணக்குகள் எளிதில் விளங்கும்.

சட்டமும் வரியும் காட்டிய வழி

உற்பத்தியாளர்கள் இவ்வழியை நாடியதற்குப் பொறியியல் மட்டும் காரணமன்று. இந்தியாவில் ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் அனைத்தின் கரியமில வாயு வெளியீட்டுக்குச் சராசரி வரம்பு உண்டு. அது 2017-18 முதல் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 130 கிராம் எனவும், 2022-23 முதல் 113 கிராம் எனவும் நிர்ணயிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. டீசலைத் தூய்மைப்படுத்தும் கருவிகளின் விலை உயர்ந்ததால், சில நிறுவனங்கள் சிறிய டீசல் கார்களையே கைவிட்டன. அந்த இடத்தை நிரப்ப, டீசலைப் போல் இழுவை தரும் பெட்ரோல் எஞ்சின் தேவைப்பட்டது.

வரியின் பங்கும் பெரிது. 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் எனில் 1,200 சி.சி., டீசல் எனில் 1,500 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் கொண்டதே சிறிய கார் என்று வரையறுக்கப்பட்டது. அந்த வரையறை இன்றும் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைக் கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம். அதனினும் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். 1,200 சி.சி. என்னும் எல்லைக்கோட்டைத் தாண்டாமல் வலிமையை மட்டும் கூட்டுவதற்கு டர்போ உகந்த வழியாயிற்று.

காப்பீட்டிலும் ஓர் எல்லைக்கோடு உண்டு. கட்டாய மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணம் சி.சி.யைப் பொறுத்தது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, 1,000 சி.சி.க்கு மிகாத தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். "1 லிட்டர்" எனப்படும் எஞ்சின்களின் அளவு 998, 999 என்று அமைந்திருப்பதைப் பலர் கவனித்திருக்கக்கூடும். 1,000 என்னும் கோட்டுக்கு உள்ளே அவை நிற்பதால், வாங்குவோருக்கு இந்தச் சலுகை கிடைக்கிறது.

மெய்யாகவே மிச்சமான ஓர் எடுத்துக்காட்டு

பெரிய எஞ்சின் விலகிச் சிறிய எஞ்சின் வந்ததற்கு நம் நாட்டில் தெளிவான எடுத்துக்காட்டு ஸ்கோடா ரேப்பிட் கார். அதில் 1,598 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அதன் திறன் 105 குதிரைத்திறன்; முறுக்குவிசை 153 நியூட்டன் மீட்டர். 2020-இல் அதனை நீக்கிவிட்டு, 999 சி.சி. அளவில் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சினைப் பொருத்தினர். திறன் 110 ஆகவும் முறுக்குவிசை 175 ஆகவும் உயர்ந்தன. பழைய எஞ்சின் தன் முழு இழுவையைக் காட்ட நிமிடத்திற்கு 3,800 சுற்றுகள் வரை ஏற வேண்டியிருந்தது. புதியது 1,750 சுற்றுகளிலேயே அதனைத் தந்தது. சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 15.41 கிலோமீட்டரிலிருந்து 18.97 ஆக ஏறியது.

எஞ்சின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறுத்தும் வலிமை குறையவில்லை, எரிபொருளும் மிச்சம். அந்தக் கார் நான்கு மீட்டருக்கு மேல் நீளமானது என்பதால் சிறிய கார் சலுகை கிட்டவில்லை. ஆயினும் 1,500 சி.சி.க்குக் கீழ் வந்ததால், அந்நாளைய இழப்பீட்டு வரி 20 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. மூன்றாம் நபர் காப்பீட்டிலும் உயர்ந்த படியிலிருந்து கீழ்ப்படிக்கு வந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்னும் பழமொழி இங்கே முழுமையாகப் பொருந்தியது.

பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டு

ஆனால் நம் மேசைக்கு வரும் கேள்வி இதுவன்று. வாடிக்கையாளர் 1.6 லிட்டரோடு ஒப்பிடவில்லை, 1.2 லிட்டரோடு ஒப்பிடுகிறார். 2023-இல் வந்த மாருதி ஃபிராங்க்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். ஒரே காரில் இரு பெட்ரோல் எஞ்சின்கள் கிடைக்கின்றன. டர்போ இல்லாத 1,197 சி.சி. எஞ்சினின் திறன் 90 குதிரைத்திறன். முறுக்குவிசை 113 நியூட்டன் மீட்டர். 998 சி.சி. டர்போவில் அவை முறையே 100, 148. கையால் கியர் மாற்றும் வகைகளில், அறிமுகத்தின்போது அறிவிக்கப்பட்ட மைலேஜ் முன்னதற்கு லிட்டருக்கு 21.79 கிலோமீட்டர், டர்போவுக்கு 21.5.

அதாவது மிச்சம் ஏதுமில்லை. இதில் குறை சொல்ல எதுவுமில்லை. இழுவை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடியும் மைலேஜ் ஏறக்குறைய அப்படியே இருப்பது பொறியியலின் வெற்றியே. ஆனால் வாங்குபவர் அங்கே பெறுவது கூடுதல் இழுவையை; சிக்கனத்தையன்று. பெரிய எஞ்சினுக்கு மாற்றாக வரும் டர்போ வேறு. சிறிய எஞ்சினுக்கு அருகே கூடுதல் விலையில் நிற்கும் டர்போ வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

ஆய்வுக்கூடமும் சாலையும்

அறிவிக்கப்படும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மீது காரை ஓட்டி அளக்கப்படுவது. அச்சோதனையில் வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. வேகம் கூட்டுவதும் மென்மையாகவே நடக்கிறது, குளிர்சாதனம் இயங்குவதில்லை. நம் உவமையில் சொல்வதானால், கூட்டமில்லா நாளில் மட்டும் கிளையின் செலவை அளப்பது போன்றது அது. டர்போவுக்கு அங்கே வேலை குறைவு. எனவே சிறிய எஞ்சின் நல்ல மதிப்பெண் பெறுகிறது.

சாலையில் நிலைமை மாறுகிறது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி, குளிர்சாதனமும் இயங்க, முந்திச் செல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் டர்போ காற்றை நிறைக்கிறது. காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் நிறைகிறது. மிகை சுமையில், வெளிவரும் புகையின் கடும் வெப்பத்தைத் தணிப்பதற்கென்றே சற்றுக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்தும் எஞ்சின்களும் உண்டு. மென்மையாக ஓட்டுபவருக்கும் விரைந்து ஓட்டுபவருக்கும் இடையே மைலேஜ் வேறுபாடு டர்போ காரில் பெரிதாக இருப்பது இதனால்தான்.

எஞ்சினைச் சிறுக்கவைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஐரோப்பிய அனுபவம் காட்டியது. அங்கே 2017 செப்டம்பரிலிருந்து பழைய சோதனை முறை விலக்கப்பட்டு, மெய்யான சாலை நிலைக்கு நெருக்கமான புதிய முறை வந்தது. அதே ஆண்டில் வோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் 1.4 லிட்டர் டர்போ எஞ்சின் இருந்த இடத்தில் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் வந்தது. சிறிது பெரிதாக்கி, சுமை குறைந்த வேளையில் நான்கில் இரு சிலிண்டர்களை உறங்கவைப்பதே நலம் என்னும் முடிவு அது. அத்தகைய எஞ்சின் 2021 முதல் ஸ்கோடா குஷாக், வோக்ஸ்வேகன் டைகூன் கார்களின் வழியே இந்தியாவிலும் கிடைக்கிறது.

இனித் தவணைக் கணக்கு

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். விலை வேறுபாடு 1,50,000 ரூபாய். அது முழுவதும் கடனாகப் பெறப்படுகிறது. வட்டி 9 சதவீதம், காலம் 7 ஆண்டுகள் என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் மாதத் தவணை ஏறத்தாழ 2,413 ரூபாய். ஏழாண்டு முடிவில் செலுத்தியிருப்பது சுமார் 2,02,700 ரூபாய். ஒன்றரை லட்சம் என்று தொடங்கியது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

மிச்சத்தையும் பார்ப்போம். டர்போவுக்குச் சாதகமாகவே எண்ணி, சாதாரண எஞ்சின் சாலையில் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், டர்போ 17 கிலோமீட்டரும் தருவதாகக் கொள்வோம். பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாய். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் எரிபொருள் மிச்சம் 784 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீட்டில் வரி நீங்கலாக ஆண்டுக்கு 1,322 ரூபாய் குறைகிறது. மாதக் கணக்கில் 110 ரூபாய். இரண்டும் சேர்ந்து 894 ரூபாய். தவணையோ 2,413. ஒவ்வொரு மாதமும் 1,519 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

இதே கணக்கில் மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால்தான் மிச்சமும் தவணையும் ஏறத்தாழ நேராகின்றன. நாள்தோறும் 100 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பங்கள் எத்தனை? ஃபிராங்க்ஸ் எடுத்துக்காட்டில் கண்டதுபோல் மைலேஜ் மிச்சமே இல்லையெனில், எவ்வளவு ஓடினாலும் கணக்கு நேராகாது.

ஆகவே "டர்போ தன் விலையைத் தானே ஈட்டிவிடுமா?" என்று கேட்பதைவிட, "இந்தக் கூடுதல் இழுவைக்கு மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் தருவது என் குடும்பத்திற்குத் தகுமா?" என்று கேட்பதே பொருத்தம். தகும் என்று சொல்லக்கூடியவர்களும் உண்டு. அவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

யாருக்குத் தகும்?

இருவழிச் சாலையில் நீண்ட சரக்கு லாரியை முந்தும்போது, எதிர்ப்புறத்தில் இருக்கும் நேரம் குறையக் குறைய ஆபத்து குறைகிறது. குறைந்த சுற்றுகளிலேயே கிடைக்கும் இழுவை அங்கே பாதுகாப்பாகிறது. முழுச் சுமையோடு அடிக்கடி நெடும்பயணம் செல்வோர், மலைப்பாதையில் வாழ்வோர் அல்லது தொழில் செய்வோர் இதன் மதிப்பை உணர்வார்கள். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலும், 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரிலும் இதனைக் கண்கூடாகக் காணலாம். டர்போ எஞ்சின் காற்றை அமுக்கித் தருவதால் அவ்விழப்பைப் பெரிதும் ஈடுசெய்கிறது.

அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் கடைவீதிக்கும் மட்டும் செல்லும் காருக்கு, அதுவும் மாதம் 500 கிலோமீட்டருக்குள் ஓடும் காருக்கு, சாதாரண எஞ்சினே போதுமானது. அந்த வேறுபாட்டுத் தொகையைக் கொண்டு முன்பணத்தைக் கூட்டினால் கடனும் தவணையும் சுருங்கும்.

வாங்குமுன் சில குறிப்புகள்

டர்போ எஞ்சின் பெரும்பாலும் இடைநிலை, உயர்நிலை வகைகளில் மட்டுமே தரப்படுகிறது. எனவே விலை வேறுபாடு முழுவதும் எஞ்சினுக்கானது என்று எண்ண வேண்டாம். பெரிய திரை, மேற்கூரைக் கண்ணாடி போன்றவையும் அதில் அடக்கம். இரு வகைகளின் வசதிகளையும் அருகருகே எழுதி, தேவையானவற்றை மட்டும் குறித்துப் பாருங்கள்.

பராமரிப்பில் இந்த எஞ்சின் தவணை தவறுவதைப் பொறுக்காது. டர்போவின் அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீதே சுழல்கிறது. கையேடு குறிப்பிடும் தர எண்ணெயை, குறிப்பிட்ட காலத்தில் மாற்றியாக வேண்டும். நெடுஞ்சாலையில் விரைந்து வந்தவுடனோ மலையேறியவுடனோ எஞ்சினை உடனே நிறுத்தாமல், அரை நிமிடமேனும் ஓடவிட்டு நிறுத்துவது அச்சுக்கு நல்லது. பழைய டர்போ கார் வாங்கக் கடன் கேட்போர், பராமரிப்புப் பதிவேட்டை முழுமையாகப் பார்த்த பின்னரே விலை பேசுங்கள். புதிய காரெனில், உத்தரவாத நீட்டிப்பின் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, கடன் காலம் பற்றி ஒரு சொல். உயர்ந்த வகைக் காரின் தவணை மாத வருமானத்திற்குள் அடங்கவில்லை என்பதற்காக ஐந்தாண்டை ஏழாண்டாக நீட்டிப்பது எளிது. மேற்கண்ட அதே ஒன்றரை லட்சத்திற்கு ஐந்தாண்டில் செலுத்துவது சுமார் 1,86,800 ரூபாய். ஏழாண்டில் சுமார் 2,02,700. தவணை குறைந்தது போல் தோன்றினாலும், ஏறத்தாழ 16,000 ரூபாய் கூடுதலாகச் செல்கிறது.

காரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு மாதத்திற்கு உங்கள் பயணங்களைக் குறித்து வாருங்கள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், எந்தச் சாலை. அந்த ஒற்றைத் தாளோடு விற்பனையகத்திற்கும், பின்னர் நம் கிளைக்கும் வாருங்கள். எந்த எஞ்சின் உங்களுடையது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். எவ்வளவு கடன் போதும் என்பதை நாம் சேர்ந்து கணக்கிடலாம்.